பசை எந்த மரத்தில் இருக்கிறது?

செடிகொடியிலிருந்து பெயின்ட் செய்யலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். மஞ்சள் இருக்கிறது, செம்பருத்தி இருக்கிறது, பீட்ரூட் இருக்கிறது, மருதாணி இருக்கிறது. இத்தனை நிறமும் தோட்டத்திலேயே கிடக்கும்போது கடையில் போய் டப்பா டப்பாவாக வாங்குவானேன் என்பது அவர்களுடைய நியாயம். நல்ல ஆசைதான். ஆனால் அந்த வழியில் போன பலர், சில மாதங்களில் வெளிறிப்போன சுவரைப் பார்த்துவிட்டு, இயற்கைப் பெயின்ட் என்பதே வெறும் பேச்சு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எந்தப் பெயின்டைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே மூன்று சங்கதிகள் இருக்கும். ஒன்று நிறப்பொடி. இரண்டாவது, அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்துவைக்கும் பசை. மூன்றாவது, பூசுகிற அளவுக்கு இரண்டையும் இளக்கிக் கொடுத்துவிட்டுக் காற்றில் போய்விடும் நீர்மம். கடையில் வாங்கும் எமல்ஷனில் பசையாக இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். நீர்மம் வெறும் தண்ணீர். வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு. எனாமல் வேறு ஜாதி. அதில் நீர்மம் டர்பன்டைன். ஒரு காலத்தில் பைன் மரப் பிசினை வடித்து எடுத்த தைலம் அது. இன்று ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலிய டர்பன்டைன். புதிதாக எனாமல் அடித்த அறையில் தலை வலிப்பது அதன் ஆவியால்தான்.

இந்த மூன்றில் செடி நமக்கு மிக நன்றாகச் செய்து தருவது பசையை. நிறத்தில் அதன் கை அவ்வளவு பலமில்லை; கறுப்பு, நீலம் என்று இரண்டு நிறங்களில்தான் சுவரில் நிலைக்கும் சரக்கு அதனிடம் இருக்கிறது. மற்ற நிறங்களுக்கு மண்ணைத்தான் நாட வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

ஏன் பூவின் நிறம் நிற்பதில்லை? மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்தால் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவர் முழுக்கக் காரம். ஆக மஞ்சளைக் கரைத்துச் சுவரில் பூசினால் முதல் நாளே நீங்கள் நினைத்த நிறம் வராது. இரண்டாவது சிக்கல் வெயில். குர்குமினின் நிறம், அதன் மூலக்கூறில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இரட்டைப் பிணைப்புகளின் நீண்ட சங்கிலியில் இருக்கிறது. ஒளி அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். அறுந்த துண்டுகளுக்கு நிறமில்லை. மஞ்சள் தேய்த்த துணியை மாடியில் காயப்போட்டால் கறை தானாக மறைவது இதனால்தான். செம்பருத்தியின் சிவப்பு காரம் பட்டதும் பச்சைக்கும் பழுப்புக்கும் ஓடிவிடும். பீட்ரூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துணிச் சாயக்காரர்களுக்கு இதில் ஒரு வழி தெரிந்திருந்தது. சாயவேர், மஞ்சிட்டி, நுணா வேர் ஆகியவற்றின் சிவப்பைப் படிகாரத்தோடு பிணைத்துவிட்டால் அது தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும். சோழமண்டலக் கரையிலிருந்து உலகமெங்கும் போன சாயத்துணிகளின் சிவப்பு அப்படி வந்ததுதான். அதே சாயக் கரைசலில் படிகாரத்தைப் போட்டு, சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நிறம் அடியில் வண்டலாக இறங்கும். அதை வடிகட்டி உலர்த்திப் பொடித்தால் ஓவியம் வரையத் தகுந்த சிவப்புப் பொடி கிடைக்கும். படத்துக்கு அது போதும். தெற்குப் பார்த்த சுவருக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

பழைய சுவரோவியங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில், பிற்காலத்தில் தீட்டிய ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்த ஓவியங்களையும் சித்தன்னவாசல் ஓவியங்களையும் துணுக்குத் துணுக்காக ஆராய்ந்து, எதைக் கொண்டு தீட்டினார்கள் என்று எழுதிவைத்தார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். கறுப்புக்குக் கரி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற நிறங்களில் பூ ஒன்றுகூட இல்லை. காவி மண்ணில் நிறமாக இருப்பது இரும்பின் துரு. துருவை வெயில் இனி என்ன செய்துவிட முடியும்? காற்று செய்ய வேண்டியதையெல்லாம் முன்பே செய்து முடித்துவிட்டது.

கரி செடியிலிருந்து வருவது, ஆனால் தீயில் நின்று எல்லாவற்றையும் இழந்தபின் வருவது. எஞ்சியது கார்பன் மட்டும் என்பதால் வெயிலும் காரமும் அதைத் தொடுவதில்லை. நல்லெண்ணெய் விளக்கின் மேல் கவிழ்த்த மண்சட்டியில் படியும் புகைக்கரிதான் கேரளச் சுவரோவியங்களின் கறுப்பு. அந்தக் கரியைக் கையாண்டு பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும்: தண்ணீரில் போட்டால் நனையாது, மேலேயே மிதக்கும். விரலால் அழுத்தினால் ஒதுங்கி மறுபடி மேலே வரும். பூந்திக்கொட்டை ஊறிய நீரைச் சில சொட்டு விட்டுக் கல்லில் வைத்து அரைத்தால் பொடி நனைந்து குழையும். பிறகு பிசின் சேர்க்கலாம். இந்த அரைப்பைத்தான் யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. நன்றாக அரைக்காத கரி, சுவரில் கறுப்பாக நிற்காமல் சாம்பல் திட்டாக நிற்கும்.

அடுத்தது நீலம். நீல அவுரி இன்றும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வயல்களில் விளைகிறது. அதன் தழையில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. அறுத்த தழையைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்துத் தண்ணீரில் மூழ்கடித்து ஓர் இரவு ஊறவிடுவார்கள். தழைக்குள் சர்க்கரையோடு ஒட்டிக்கிடக்கும் ஒரு பொருள் நொதித்துப் பிரிந்து நீரில் இறங்கும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகும். அந்த நீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் வரிசையாக இறங்கிக் காலால் உதைத்து அடிப்பார்கள். காற்று கலக்கக் கலக்க நுரை நீலமாகும், நீர் கருக்கும். மணிக்கணக்கில் அடித்து நிறுத்தினால் நீலம் வண்டலாகக் கீழே படியும். மேல்நீரை வடித்துவிட்டு வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவார்கள். 100 கிலோ பச்சைத் தழையிலிருந்து ஒரு கிலோ கட்டி தேறாது. சக்கைத் தழை வயலுக்கே எருவாகத் திரும்பிவிடும்.

மற்றச் செடிச் சாயங்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைபவை. அவுரி நீலம் கரையாது. அதன் மூலக்கூறுகள் தட்டையானவை, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு கிடப்பவை. அதனால் படிகாரம் எதுவும் இல்லாமலே அது நேராக நிறப்பொடியாகிவிடுகிறது. கட்டியை அரைத்துப் பிசினில் குழைத்தால் பெயின்ட். மெக்சிகோவின் மாயா மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவுரி நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடேற்றினார்கள். அந்தக் களிமண்ணின் படிகத்துக்குள் நுண்ணிய கால்வாய்கள் ஓடுகின்றன. நீலம் அவற்றில் பிடிபட்டுக்கொள்கிறது. வெயிலாலும் அமிலத்தாலும் அதன்பின் அதை எளிதில் அசைக்க முடியாது. போனாம்பாக் என்ற ஊரில் 8ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் அந்த நீலம் இன்றும் தெரிகிறது. செடியின் நிறத்தை மண்ணுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அந்த அறிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. பீகாரின் சம்பாரணில் ஒவ்வொரு 20 கட்டா நிலத்திலும் 3 கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்று தோட்டத் துரைமார்கள் குடியானவர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் விலை விழுந்தது; அதன் சுமையும் குடியானவர் தலையில்தான் விழுந்தது. 1917இல் காந்தி அங்கே போனதன் காரணம் இந்தச் செடிதான். ஆகவே இயற்கை நீலம் வாங்கும்போது அதை விளைவித்தவருக்கும் தொட்டியில் இறங்கி உதைத்தவருக்கும் என்ன கூலி போயிற்று என்பதும் பெயின்டின் தரத்தில் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பசைக்கு வருவோம். செடி தன் முழுத் திறமையையும் காட்டுவது இங்கேதான்.

மரத்தில் வடியும் பிசின் முதல் வகை. வேப்பம்பிசின், விளாம்பிசின், கருவேலம்பிசின் மூன்றும் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பவை. கேரளச் சுவரோவியக்காரர்கள் நிறத்தை வேப்பம்பிசினில் குழைத்தார்கள். ஒடிசாவின் பட்டச்சித்திரக்காரர்கள் துணியைப் புளியங்கொட்டைப் பசையாலும் சுண்ணப் பொடியாலும் பதப்படுத்திவிட்டு, நிறத்தை விளாம்பிசினில் குழைக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையின்மேல் துணியை ஒட்டவும் புளியங்கொட்டைப் பசைதான். அது செய்வது கடினமில்லை. கொட்டையை வறுத்து, தோலை உடைத்து நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடிபோல் தெளிந்த கூழ் வரும். அதில் காவிப் பொடியோ சுண்ணப் பொடியோ கலந்தால் உள்சுவருக்கு நல்ல டிஸ்டெம்பர். வேலை நடக்கும்போதே செய்து அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். மீந்தது மறுநாளே புளிக்கும்.

பிசினுக்கும் கஞ்சிக்கும் ஒரு குறை உண்டு. தண்ணீரில் கரைந்து வந்தவை தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். மழை படும் சுவருக்கு அவற்றைத் தனியாக நம்ப முடியாது. பூச்சியும் பூஞ்சையும் மாவுப் பசையைத் தேடி வரும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். மயில்துத்தம் நஞ்சு; குழந்தைகள் புழங்கும் சுவரில் அது வேண்டாம்.

மழைக்கு ஈடுகொடுப்பது எண்ணெய். எல்லா எண்ணெயும் அல்ல. சமையலறையில் எண்ணெய்க் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வழிந்த சூரியகாந்தி எண்ணெய், சில வாரங்களில் நகத்தால் சுரண்டினாலும் வராத பிசுக்காக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் அப்படி ஆவதில்லை. அந்தப் பிசுக்குதான் பெயின்டின் ஆரம்பம். எண்ணெயின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து கொக்கி போட்டு, பக்கத்து மூலக்கூறோடு பிணைத்துவிடுகிறது. இப்படிப் பிணைந்து பிணைந்து முழுப் படலமும் ஒரே வலையாகிவிடும். அப்புறம் அது எதிலும் கரையாது. தண்ணீர் உலர்ந்தால் எடை குறையும். இந்த எண்ணெய் 'உலரும்'போது ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதால் எடை கூடுகிறது.

கொக்கி போட எத்தனை இடம் இருக்கிறது என்பதை அயோடின் எண் என்ற அளவால் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 10க்குள். ஆமணக்கெண்ணெய்க்கு 85 சுமார். நல்லெண்ணெய்க்கு 110 பக்கம். சூரியகாந்திக்கு 130 பக்கம். ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக ஆளி விதை எண்ணெயைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்த எண்தான். ஆனால் ஆளி தமிழ்நாட்டில் பெரிதாக விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கத்துப் பயிர்.

நம் மண்ணில் என்ன இருக்கிறது? கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. பால் வடிப்பதற்காக வளர்க்கும் அந்த மரம், மழைக்காலத்தை ஒட்டிக் காயை வெடித்து விதையைத் தரையில் உதிர்க்கிறது. அந்த விதையின் எண்ணெய்க்கு அயோடின் எண் 140ஐ ஒட்டி வரும். ஆளி விதை எண்ணெயோடு கலந்து பெயின்டில் பயன்படுத்துகிறார்கள். சாப்பிடும் எண்ணெய் இல்லை என்பதால் யாருடைய தட்டிலிருந்தும் எதையும் எடுப்பதாக ஆகாது. தோட்டத்தில் கிடந்து மக்கும் விதைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி. பருப்பு உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொண்டு உட்காருவதற்குக் காரணம் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய். பட்ட இடத்தில் தோல் கொப்பளித்து உரியும். ஓட்டின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த எண்ணெய்தான். காய்ச்சினால் கார்டனால் என்ற பொருளாக மாறும். அது இறுகி, கறுத்து, தண்ணீர் புகாத படலமாக நிற்கும். படகுக் கட்டைக்கும் வலைக்கும் கடற்கரைக்காரர்கள் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிவந்தது இந்தக் குணத்துக்காகத்தான். இன்று கப்பலுக்குப் பூசும் எபாக்சி பெயின்டுகளில் இறுக்கும் பொருளாகக் கார்டனாலின் வழிவந்த பொருள்கள் போகின்றன. நிறம் கறுப்பும் கரும்பழுப்பும்தான் வரும். கரையான் ஏறும் கட்டைக்கும் வேலிக்காலுக்கும் அதுவே போதும். ஆனால் காய்ச்சாத எண்ணெயை வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஆமணக்கெண்ணெய் தானாக இறுகாது. அதைச் சூடேற்றி அதிலிருந்து நீரின் கூறைப் பிரித்துவிட்டால் புதிய இரட்டைப் பிணைப்பு பிறந்து, இறுகும் எண்ணெயாகிவிடும். இது ஆலையில் நடக்கிற வேலை. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில் என்பதால் இங்குள்ள பெயின்ட் ஆலைகளுக்கு இது பழக்கமான சரக்கு. இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: கடையில் விற்கும் சாதாரண எனாமலின் பசையே பாதிக்குப் பாதி தாவர எண்ணெயில் செய்ததாக இருக்கும். அல்கைட் என்று அதற்குப் பெயர்; சோயா, ஆளி, ஆமணக்கு என்று ஏதோ ஒரு எண்ணெய் அதில் உண்டு. அதனால் 'தாவர எண்ணெய் கலந்தது' என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கூடவே வரும் கரைப்பானும் மற்றச் சேர்மானங்களும் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

பழையது எல்லாம் பத்திரமானது என்பதும் சரியில்லை. எண்ணெய் சீக்கிரம் இறுகட்டும் என்று அந்தக் காலத்தில் மிருதார்சிங்கியைப் போட்டுக் காய்ச்சினார்கள், அது ஈயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 2017 நவம்பரிலிருந்து அது நடப்புக்கு வந்தது. பழைய வீட்டுக் கதவைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். தூள் பறக்கும் இடத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு செய்முறை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுவீடனில் ஃபாலுன் என்ற ஊரில் செப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் கழிவு மண்ணிலிருந்து எடுத்த இரும்புச் சிவப்பை, கோதுமை போன்ற ரை தானிய மாவுக் கஞ்சியில் போட்டு, ஆளி விதை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி மரவீடுகளுக்கு அடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து இது நடக்கிறது. சுரங்கம் 1992இல் மூடிவிட்டது. பெயின்ட் இன்றும் விற்கிறது. அந்த நாட்டுக் கிராமப்புறங்களில் வீடு வீடாகத் தெரியும் சிவப்பு அதுதான். இதை நம் சரக்கில் செய்யலாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 90 கிராம் கோதுமை மாவு, 300 கிராம் நன்றாகச் சலித்த காவிப் பொடி, 30 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 100 மில்லி ஆளி விதை எண்ணெய். மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மீதித் தண்ணீரில் ஊற்றிக் கால் மணி நேரம் காய்ச்சுங்கள். கஞ்சி பளபளப்பானதும் அன்னபேதியையும் காவியையும் போட்டு இன்னொரு கால் மணி. கடைசியாக எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டுக் கிளறிக்கொண்டே இன்னொரு கால் மணி. எண்ணெய் மேலே மிதந்து பிரியாமல் கஞ்சியோடு ஒன்றிவிட்டதா என்று கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். பின்புறத்தில் எண்ணெய்க் கண்கள் தெரிந்தால் இன்னும் கிளற வேண்டும். துளி சோப்புக் கரைசல் விட்டால் சீக்கிரம் ஒன்றும். ஆறியபின் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டு இரண்டு கோட் அடிக்கலாம்.

அன்னபேதி பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் துருவாகிப் பழுப்பு ஏறும் என்பதால் சிவப்பு, பழுப்பு நிறங்களுக்கே அது பொருந்தும். இழைக்காத சொரசொரப்பான பலகையில்தான் இந்தப் பெயின்ட் பிடிக்கும். பழைய எனாமலின் மேல் அடித்தால் செதில் செதிலாக உரியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இறுகும் எண்ணெய் ஆக்சிஜனை வாங்கும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டின துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு வழி வேறு. சுண்ணாம்பு தன்னளவிலேயே பசை. காற்றிலுள்ள கரிவளியை (கார்பன் டையாக்சைடை) வாங்கிக் கல்லாகிவிடும். கையில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதன் குறை. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வழவழவென்று இறங்கும் நீரைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிறார்கள். சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்துவிடாமல் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அது நன்றாக இறுகிச் சுவரோடு ஒட்டுகிறது. அந்தக் கள்ளி நம் ஊர்த் தரிசெல்லாம் கிடக்கிறது. முள்ளைத் தீயில் வாட்டிவிட்டு நறுக்கினால் கை தப்பும். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மெல்லிய கோட்டாக மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே கோட்டில் கெட்டியாக அடித்து முடிக்க நினைப்பவர்களுக்குத்தான் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. சுண்ணாம்பைச் சுடும்போது கல்லிலிருந்து போன கரிவளி சுவருக்குத் திரும்பி வருகிறது. சூளையில் எரிந்த விறகின் புகை திரும்புவதில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கேட்டுக்குச் செடி முழுப் பெயின்டாக உதவாது, அடிப்பூச்சாக உதவும். உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கெட்டியான கடுக்காய்க் கஷாயத்தைப் பூசினால் எஞ்சிய துரு கருநீலமாக மாறிப் படிந்துவிடும். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. நன்றாகக் காய்ந்தபின் மேலே எண்ணெய்ப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

எல்லா இடத்துக்கும் இவை பொருந்துமா என்றால், இல்லை. குளியலறைக்கும், மழைச்சாரல் நேரே அடிக்கும் சிமென்ட் வெளிச்சுவருக்கும் கடை எமல்ஷன் அளவுக்கு இவை நிற்காது. அங்கே அதை அடித்துக்கொள்ளுங்கள். அதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. ஆனால் மண்சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள பழைய வீடுகளுக்கு எமல்ஷன் அடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பு வழியாக ஆவியாக விடுபவை. பட்டி பார்த்துப் பிளாஸ்டிக் படலம் போட்டு மூடியதும் ஈரம் உள்ளே தங்குகிறது. அதோடு வந்த உப்பு படலத்துக்குப் பின்னால் பூத்து, காரையையே பெயர்த்துக்கொண்டு விழுகிறது. வீட்டுக்காரர் சுவரில் ஓதம் என்று நினைத்து இன்னொரு கோட் அடிக்கிறார். 100 ஆண்டு நின்ற வீட்டை அக்கறையோடு செலவு செய்தே அழிக்கிறோம். அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் கஞ்சியும்தான் மருந்து. உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடோ கோயிலோ பள்ளியோ இருந்தால், அடுத்த முறை டப்பா வாங்கும் முன் ஊரின் வயதான கொத்தனாரை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

எந்த நிறத்தை நம்பும் முன்பும் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அட்டையில் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். தாளை எடுத்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிறகு ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் வந்தால் பசை போதவில்லை.

இயற்கைப் பெயின்ட் என்று எழுதிய டப்பா இப்போது நிறைய வருகிறது. அதை விற்கிறவரிடம் நிறம் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பசை என்ன, கரைப்பான் என்ன என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணெய், பிசின், கஞ்சி, சுண்ணாம்பு என்று நேராகப் பதில் வந்தால் வாங்குங்கள். பதில் வராவிட்டால் காவியும் மாவும் உங்கள் ஊர்க் கடையிலேயே இருக்கின்றன. ஒரு பழைய பலகையில் அடித்துத் தொடங்கிவிடுங்கள்.